ரத்தத்தை நிறுத்த வந்த குழாய்

யூரின் டியூப் என்றதும் நமக்கு நினைவு வருவது மூத்திரம்தான். கட்டிலுக்குக் கீழே தொங்குகிற பிளாஸ்டிக் பை, அதில் கோடு போட்ட மில்லி கணக்கு, விடியற்காலையில் நர்ஸ் குனிந்து பார்த்து சார்ட்டில் எழுதுவது. ஐ.சி.யூ.விலிருந்து பிரசவ வார்டு வரை இது இல்லாத இடம் கிடையாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை 'ஃபோலி' என்பார்கள். "பேஷண்ட்டுக்கு ஃபோலி போட்டாச்சா?" என்று கேட்பது உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

ஃபோலி என்பது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்க சிறுநீரியல் டாக்டர். அவர் இந்தக் குழாயைச் செய்ததன் முதல் நோக்கம் மூத்திரம் வடிப்பதல்ல, ரத்தத்தை நிறுத்துவது. 1937இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ரத்தம் நிறுத்தும் பை வைத்த கதீட்டர் என்றுதான் தொடங்குகிறது. எந்த ரத்தம்? புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின்னால் வருகிற ரத்தம். உலகத்தில் இன்று அதிகம் புழங்கும் ஆஸ்பத்திரிச் சாமான்களில் ஒன்று, வயசான ஆண்களுக்குச் செய்யும் ஒரே ஒரு ஆபரேஷனின் தலைவலியைத் தீர்க்க வந்தது. கொஞ்ச நாளாக இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்திப் போடுகிறேன்.

முதலில், ஏன் இந்த ஆபரேஷனில் ரத்தம் இவ்வளவு பெரிய பிரச்சினை?

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்கு அடியில், மூத்திரம் வெளியே வரும் பாதையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் பலருக்கு அதன் உட்பகுதி வீங்கிப் பாதையை நெருக்கும். சாதாரண வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்யும்போது சுரப்பி முழுவதையும் எடுப்பதில்லை. வீங்கின உட்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வெளி ஓட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். நுங்கைப் பெருவிரலால் நோண்டி எடுத்தால் மட்டையில் குழி மிஞ்சுமே, அதே கதை. மிஞ்சுகிற குழியின் சுவர் முழுக்கப் பச்சைப் புண். அதில் அறுபட்ட தமனிகளின் வாய்கள் திறந்து கிடக்கும். ஓட்டைச் சுற்றிலும் வலை மாதிரி சிரைகள்.

வயிற்றிலோ காலிலோ ரத்தம் வந்தால் கண்ணால் பார்த்துக் கிடுக்கியால் பிடித்துக் கட்டலாம். இது இடுப்பெலும்புக்குப் பின்னால், கிணற்றடியில் இருக்கிறது. பார்க்கவும் முடியாது, கை நுழையவும் இடமில்லை. இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. வருகிற ரத்தம் சிறுநீர்ப்பைக்குள் போய்க் கட்டியாக உறையும். கட்டி வந்து வாயை அடைக்கும். மூத்திரம் தேங்கும், பை உப்பும். உப்பினால் அந்தக் குழி சுருங்க முடியாது, சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. பிரசவமானபின் கர்ப்பப்பை சுருங்குவதால்தான் ரத்தம் நிற்கிறது என்பார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதே தர்க்கம்தான் இங்கேயும்.

இந்த ஆபரேஷனைப் பரவலாக்கிய ஆளுக்கும் நம் நாட்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டு. பீட்டர் ஃப்ரேயர், 1851இல் அயர்லாந்தின் கால்வே பக்கம் பிறந்தவர். 1875இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் வட இந்தியாவில் வேலை பார்த்தார். அங்கே அவருக்குப் பேர் வாங்கித் தந்தது புராஸ்டேட் இல்லை, மூத்திரக் கல். வெட்டாமல், குழாய்வழியாகவே கருவியை விட்டுக் கல்லை நொறுக்கி வெளியே உறிஞ்சி எடுக்கும் முறையில் கை தேர்ந்தவர். ராம்பூர் நவாபுக்கு அப்படிக் கல் எடுத்து, ஒரு லட்ச ரூபாய் ஃபீஸ் வாங்கினார். 1880களின் ஒரு லட்சம்! அரசாங்க உத்தியோகஸ்தர் இவ்வளவு வாங்கலாமா என்று பெரிய தகராறு ஆனது. அதை இன்னொரு நாள் எழுத வேண்டும், நல்ல கதை.

1896இல் ஓய்வு பெற்று லண்டனுக்குப் போய் செயின்ட் பீட்டர்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1900 டிசம்பர் 1ஆம் தேதி அடிவயிற்றைக் கீறி, சிறுநீர்ப்பையைத் திறந்து, உள்ளே விரலை விட்டு வீங்கின பகுதியை முழுசாக நோண்டி எடுத்தார். நோயாளி பிழைத்தார். அதற்கு முன் மூத்திரம் அடைத்துக்கொண்ட முதியவர்களின் நிலைமை என்னவென்றால், தினமும் பல தடவை தாங்களே குழாய் விட்டுக்கொண்டு, கிருமி தொற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதுதான். 1890களில் விரைகளை எடுத்துவிட்டால் புராஸ்டேட் சுருங்கிவிடும் என்று அதைக்கூடச் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பின்னணியில் ஃப்ரேயரின் வேலை எவ்வளவு பெரியது என்று புரியும். 'இதை நாங்கள் முன்பே செய்துவிட்டோம்' என்று நியூயார்க்கின் யூஜின் ஃபுல்லர் தரப்பு சண்டைக்கு வந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து, கணக்கு வைத்து, திரும்பத் திரும்ப எழுதி உலகத்தை நம்ப வைத்தவர் ஃப்ரேயர்தான்.

சரி, ரத்தத்துக்கு அவர் என்ன செய்தார்? ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. வயிற்று வழியே சிறுநீர்ப்பைக்குள் அகலமான ஒரு ரப்பர் குழாயை வைத்துவிடுவார். கட்டிகள் அடைக்காமல் வெளியே வரட்டும், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவட்டும், குழி தானாகச் சுருங்கி ரத்தம் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் நின்றது. 1912இல் ஆயிரம் கேஸ்களின் கணக்கை வெளியிட்டபோது நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் இறந்திருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது ஆச்சரியமான எண். ஆனால் அது ஃப்ரேயரின் விரல். அதே ஆபரேஷனை மற்றவர்கள் செய்யும்போது கதை வேறு. 'தானா நின்னுடும்' என்பதை வைத்துக்கொண்டு ராத்திரி டூட்டி டாக்டர் என்ன செய்வார்? காஸ் துணியைச் சுருட்டிச் சுருட்டிக் குழிக்குள் திணித்தார்கள். அது ரத்தத்தை நிறுத்தும். ரெண்டு நாள் கழித்து இழுத்து எடுக்கும்போது வலி உயிரைப் பிடுங்கும், உறைந்த புண் பிய்ந்து திரும்பவும் ரத்தம் வரும்.

துணிக்குப் பதிலாக ரப்பர் பை வைத்தால் என்ன என்று யோசித்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். ஹேக்னர் என்பவரின் பை 1914 வாக்கில் வந்தது. வயிற்றுக் காயம் வழியே பையை உள்ளே வைத்து, அதன் வாலை மூத்திரப் பாதை வழியே வெளியே இழுத்து, பையை ஊதி, கீழ்நோக்கி இழுத்துப் பிடிப்பது. ஊதின பை குழியை அழுத்தும். வேலை முடிந்தால் காற்றை இறக்கி எடுத்துவிடலாம், எதுவும் பிய்யாது. யோசனை பிரமாதம். ஒரே குறை, அதை வைக்க வயிற்றில் ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், அழுத்துவதெல்லாம் அரைகுறை வேலை, ரத்தம் வருகிற வாயைத் தேடித் தைக்க வேண்டும் என்ற கட்சி. சிட்னியின் ஹாரிஸ் 1920களின் கடைசியில் சிறுநீர்ப்பையின் கழுத்தில் ஊசி போட்டுத் தைத்தார். அயர்லாந்துக்காரர் டெரன்ஸ் மில்லின், சிறுநீர்ப்பையைத் திறக்காமலே முன்பக்கமாகப் போய்ப் புராஸ்டேட் ஓட்டைக் கீறி, குழியைக் கண்ணால் பார்த்து ரத்தத்தை நிறுத்தும் வழியைக் காட்டினார். லான்செட் பத்திரிகையில் இருபது நோயாளிகளோடு அது வெளிவந்தது 1945 டிசம்பர் 1ஆம் தேதி. ஃப்ரேயரின் முதல் ஆபரேஷன் நடந்து சரியாக நாற்பத்தைந்து வருஷம், அதே தேதி. தற்செயல்தான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. இடையில் 1937இல் ஃப்ளாக்ஸ் என்பவர் புராஸ்டேட்டுக்கு வரும் தமனிகளைப் படம் போட்டுக் காட்டியிருந்தார். சிறுநீர்ப்பைக் கழுத்தை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் முக்கியமான தமனிகள் 5 மணிக்கும் 7 மணிக்கும் பக்கத்தில் நுழைகின்றன. இன்றைக்கும் திறந்து ஆபரேஷன் செய்கிறவர்கள் முதல் தையல் போடுவது அந்த ரெண்டு இடத்தில்தான்.

இதற்குள் வயிற்றைக் கீறுவதே வேண்டாம் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. மூத்திரப் பாதை வழியாகவே கருவியை விட்டு உள்ளிருந்து சுரண்டி எடுப்பது. இப்போது நம் ஊரில் 'டி.யு.ஆர்.பி.' என்று சொல்வது இதைத்தான். 1926இல் நியூயார்க்கின் மேக்ஸிமிலியன் ஸ்டெர்ன் மின்சாரம் பாயும் கம்பி வளையம் வைத்த கருவியைக் காட்டினார். அதே வருஷம்தான் பாஸ்டனில் போவி செய்த மின்கருவியை குஷிங் மூளை ஆபரேஷனில் பயன்படுத்தினார். மின்சாரத்தால் வெட்டவும் முடியும், சூடு வைத்து ரத்தக்குழாயை மூடவும் முடியும். அடுத்த சில வருஷங்களில் மெக்கார்த்தியும் டேவிஸும் கருவியைத் திருத்தி, வெட்டும் மின்சாரத்தையும் மூடும் மின்சாரத்தையும் சேர்த்துப் பயன்படும்படி செய்தார்கள்.

தமனியிலிருந்து பீச்சும் ரத்தத்தை மின்சூடு நிறுத்திவிடும். சிரைக் கசிவு அப்படியில்லை. அதற்கு அழுத்தம்தான் மருந்து. இப்போது வயிற்றில் வழியும் இல்லை, ஹேக்னரின் பையை எப்படி உள்ளே வைப்பது? ஒல்லியாகப் பாதை வழியே உள்ளே போய், போனபின் உப்ப வேண்டும். இறங்கினபின் அதே வழியில் ஒல்லியாக வெளியே வர வேண்டும். நடுவில் மூத்திரமும் வடிய வேண்டும்.

இங்கேதான் ஃபோலி வருகிறார். ஃபிரெடரிக் ஃபோலி, மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரத்தில் வேலை பார்த்தவர். 1929இல் உள்வழி புராஸ்டேட் ஆபரேஷன் பற்றிய கட்டுரையிலேயே பலூன் வைத்த கதீட்டர் ஒன்றைச் சொல்லியிருந்தார். குழாயில் தனியாக ஒரு ரப்பர் பலூனைக் கட்டி ஒட்டின ஒட்டுவேலை அது. பிறகு லேடெக்ஸ் ரப்பர் பாலில் அச்சை முக்கி எடுக்கும் முறையில், குழாயும் பலூனும் ஒரே துண்டாக, ஒட்டே தெரியாமல் செய்ய வழி தேடினார். 1935இல் அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தில் காட்டினார். குழாய்ச் சுவருக்குள்ளேயே இன்னொரு நுண்ணிய குழாய், அதன் வழியே தண்ணீர் ஏற்றினால் நுனியில் பலூன் உப்பும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

அவ்வளவுதானா என்றால், அதன் வேலையைக் கவனியுங்கள். உப்பின பலூனைக் கீழே இழுத்தால் அது சிறுநீர்ப்பையின் கழுத்தில் தக்கை மாதிரி உட்காரும். கீழே இருக்கிற குழி தனி அறையாகிவிடும். அங்கே கசியும் சிரை ரத்தம் மேலே பைக்குள் போக முடியாமல், தன் அழுத்தத்தாலேயே நின்றுவிடும். மேலேயிருந்து மூத்திரம் குழாய் வழியே தனியாக வடியும். ரத்தக்கட்டி, அடைப்பு, உப்பல் என்று சுற்றிச் சுற்றி வந்த வட்டம் அறுந்தது.

என் பெரியப்பாவுக்கு இந்த ஆபரேஷன் நடந்தபோது, டியூபை இறுக்கி இழுத்துத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். "டேய், காலை நீட்டவே விடமாட்டேங்கறாங்கடா, மாட்டைக் கட்டின மாதிரி கட்டி வச்சிருக்காங்க" என்று ராத்திரி முழுக்கப் புலம்பினார். கம்பத்தில் ரெண்டு ரெண்டாகத் தொங்கின பெரிய சலைன் பைகள் மடமடவென்று இறங்கிக்கொண்டிருந்தன. பெரியம்மாவுக்குக் கண் முழுக்கக் கீழே இருந்த பையின் நிறத்தில்தான். செம்பருத்திச் சிவப்பு, அப்புறம் ரோஸ்மில்க், விடிகிற நேரத்தில் வெளிறின இளஞ்சிவப்பு. அடுத்த நாள் டியூட்டி டாக்டர் பிளாஸ்திரியைத் தளர்த்திவிட்டார். ரொம்ப நேரம் இழுத்தபடி வைத்தால் சிறுநீர்ப்பைக் கழுத்துப் புண்ணாகிவிடும், அதனால் சில மணி நேரத்துக்குத்தான் என்றார். அன்றைக்கு அது எங்களுக்கு ஏதோ நர்சிங் சமாச்சாரம் என்றுதான் தோன்றியது. ஃபோலி டியூபின் ஆதி வேலையையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது இந்தக் கட்டுரைகளையெல்லாம் படித்தபின்தான் உறைத்தது.

ஃபோலிக்கு அந்தக் கண்டுபிடிப்பில் காப்புரிமை கிடைக்கவில்லை. 1936 அக்டோபரில் விண்ணப்பித்தார். ரோட் ஐலண்டில் உள்ள டேவல் ரப்பர் கம்பெனியின் பால் ரைஷ் என்பவர் சில மாதங்கள் முந்திக்கொண்டு விண்ணப்பித்திருந்தார், காப்புரிமை அவருக்குப் போனது. ஃபோலி மேல்முறையீடு செய்தார், வாரியம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ரைஷ் கோர்ட்டுக்குப் போனார், கோர்ட் திரும்பவும் ரைஷுக்கே கொடுத்தது. மறுபடி விசாரிக்கச் சொல்லி ஃபோலி கேட்டதும் நிராகரிக்கப்பட்டது. ஆனால் பார்ட் கம்பெனி குழாயை விற்கும்போது ஃபோலியின் பெயரைப் போட்டே விற்றது, பெயர் ஒட்டிக்கொண்டது. ரைஷ் யார் என்று இன்றைக்கு எந்த நர்ஸிடம் கேட்டாலும் தெரியாது.

டியூபின் வாலில் பொடி எழுத்தில் ரெண்டு எண் இருக்கும். ஒன்று பருமன். அதைப் பிரெஞ்சு அளவு என்பார்கள், பாரிஸில் கருவிகள் செய்த ஷரியேர் ஏற்படுத்தின அளவு, மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர். இன்னொன்று பலூன் கொள்ளளவு. வெறுமனே மூத்திரம் வடிய வைக்கிற டியூபில் சின்ன பலூன் போதும், நழுவாமல் இருந்தால் சரி. புராஸ்டேட் ஆபரேஷனுக்கான டியூபில் 30 மில்லி, அதற்கு மேல் என்று இருக்கும். கூடவே கழுவும் தண்ணீர் உள்ளே போக மூன்றாவது வழி.

கழுவும் தண்ணீர் என்றதும் இன்னொன்று. திறந்து கிடக்கும் சிரையில் போக்குவரத்து ஒருவழிப் பாதை இல்லை. ரத்தம் வெளியே வருகிற அதே வாய் வழியாக, ஆபரேஷன் நடக்கும்போது கழுவ விடும் தண்ணீர் உடம்புக்குள் போகும். உப்புக்கரைசலில் மின்சாரம் சிதறிவிடும் என்பதால் ஆரம்பத்தில் வெறும் தண்ணீரைத்தான் விட்டார்கள். அது ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்தது. சிறுநீரகம் கெட்டுச் செத்தவர்கள் உண்டு. 1947இல் க்ரீவி இதை எடுத்துச் சொன்னபின் கிளைசின் கரைசலுக்கு மாறினார்கள். அதிலும் அளவு மீறி உள்ளே போனால் சோடியம் இறங்கி நோயாளி குழம்பிப் போவார். சலைனிலேயே வேலை செய்கிற இருமுனை மின்கருவிகள் வந்தபின்தான் இந்தப் பயம் பெரிய அளவில் தணிந்தது.

இத்தனை செய்தும் சிலருக்குக் கசிவு நிற்காமல் நாள்கணக்கில் இழுத்தது. தமனி மூடியாயிற்று, பலூன் வைத்தாயிற்று, பிறகும் ஏன்? விடை 1947இல் ஆரம்பித்தது. மக்ஃபர்லேனும் பில்லிங்கும் சாதாரண மூத்திரத்துக்கே உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் சக்தி இருப்பதைக் கண்டார்கள். 1952இல் அந்தப் பொருளுக்கு யூரோகைனேஸ் என்று பெயர் வைத்தார்கள். யோசித்தால் உடம்புக்கு இது தேவையான ஏற்பாடுதான், மூத்திரப் பாதையில் எங்காவது ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் கரைக்க வேண்டுமே. ஆனால் புராஸ்டேட் எடுத்த குழியில் ஒவ்வொரு முறையும் மூத்திரம் பாய்ந்து, ஆறிவரும் புண்ணின் மேல் மூடிய உறைவை அரித்துக்கொண்டே இருக்கும். விரல், தையல், மின்சூடு எல்லாவற்றையும் பார்த்தார்கள். மூத்திரத்தையே எதிரியாக யாரும் நினைக்கவில்லை.

அதற்கு மருந்து ஜப்பானிலிருந்து வந்தது. உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதி. போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் ரத்தத்தையே ஆராயலாம், பொருள் போதாவிட்டால் நம் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினவர்கள். உடாகோ குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் நின்றிருக்கிறார். லைசின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி உறைவு கரைவதைத் தடுக்கும் ஒரு பொருளை முதலில் கண்டார்கள். 1960களின் தொடக்கத்திலேயே புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் வரும் ரத்தத்துக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1962இல் ஒகமோட்டோக்கள் அதைவிடப் பல மடங்கு வீரியமான டிரானெக்ஸாமிக் அமிலத்தை வெளியிட்டார்கள். அவர்கள் மனதில் இருந்தது பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்கள். அதற்கான பெரிய ஆய்வு இருபதாயிரம் பெண்களிடம் நடந்து முடிவு வெளியானது 2017இல். உடாகோ 2016இல் இறந்துவிட்டார்.

இந்த மருந்தை நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் மாதவிடாய் ரத்தப்போக்குக்கு வாங்கிப் போகிறார்கள். மூத்திரத்தில் ரத்தம் வந்தால் மட்டும் அப்படி வாங்கிப் போட்டுவிடக் கூடாது. ரத்தம் சிறுநீரகத்திலிருந்து வந்தால், கரையாத கெட்டிக் கட்டி குழாயை அடைத்துவிடும். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை ஓட்டோடு முழுவதும் எடுக்கும் ஆபரேஷன். இதில் ரத்தம் வருவது குழியிலிருந்து இல்லை, மேலே முன்பக்கம் படர்ந்திருக்கும் சிரை வலையிலிருந்து. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் சான்டோரினி விவரித்த வலை அது. அறுபட்டால் குளம் கட்டும், லிட்டர் கணக்கில் போகும். அந்தக் குளத்துக்குள் கையைவிட்டு, கண் தெரியாமல்தான் சுரப்பியை அறுத்தெடுத்தார்கள். பிழைத்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ஆண்மை போனது. பலருக்கு மூத்திரக் கட்டுப்பாடும் போனது. அது இந்த ஆபரேஷனின் விலை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பேட்ரிக் வால்ஷ் அந்தச் சிரைகள் எங்கே ஓடுகின்றன என்று பொறுமையாகப் பார்த்து, அறுக்குமுன்பே கட்டிவிடும் வழியை 1979இல் ரைனரோடு சேர்ந்து எழுதினார். ரத்தம் குறைந்தது. குளம் வற்றினதும் அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. 1981இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஓய்வு பெற்ற பேராசிரியர் டோங்கரைச் சந்தித்தார். இறந்து பிறந்த சிசுவின் உடலில் டோங்கர் நரம்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஆணுறுப்புக்குப் போகும் நரம்புகள் புராஸ்டேட்டுக்குள் இல்லை, வெளியே பக்கவாட்டில் ஓடுகின்றன என்று ரெண்டு பேரும் சேர்ந்து கண்டார்கள். சுரப்பியை எடுத்துவிட்டு நரம்பை விட்டுவிடலாம்! 1982 ஏப்ரல் 26ஆம் தேதி வால்ஷ் அதை உத்தேசித்தே முதல் ஆபரேஷனைச் செய்தார். ஐம்பதுகளில் இருந்த அந்த நோயாளிக்கு ஒரு வருஷத்துக்குள் ஆண்மை திரும்பியது.

சாதாரண வீக்கத்துக்கான ஆபரேஷனில் இப்போது லேசர் வந்திருக்கிறது. நியூசிலாந்தின் கில்லிங் 1990களில் கொண்டுவந்த ஹோல்மியம் முறையில், உள்வழியாகவே ஓட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவே புகுந்து முழுசாகப் பெயர்த்துவிடுகிறார்கள். பெயர்க்கப் பெயர்க்க ரத்தக்குழாய்களையும் மூடிக்கொண்டே போகிறது. ஃப்ரேயரின் விரல் செய்த அதே வேலை. முடிந்ததும் மூன்று வழி ஃபோலியை வைத்துப் பலூனை உப்பவைத்து, கம்பத்தில் சலைனைத் தொங்கவிடுகிறார்கள்.

ராம்பூர் நவாப், ஒரு லட்ச ரூபாய் விவகாரம் அடுத்த குறிப்பில்.